போர்ஷே 911 காரின் எண்ணெய்க் குளிர்விப்பு: குதிரைத்திறன்வழி விளக்கம் குறித்த ஒரு மறுபரிசீலனை

1964இல் உற்பத்திக்கு வந்து 1998 மார்ச்சில் தன் காற்றுக் குளிர்விப்பு வடிவத்தை முடித்துக்கொண்ட போர்ஷே 911, காற்றால் குளிர்விக்கப்படும் கார் என்றே அறியப்பட்டாலும், அதன் எஞ்சினிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் பணியில் பெரும்பங்கு உயவெண்ணெய்க்கும் உண்டு. அந்த எண்ணெயின் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்க நிறுவனம் எடுத்த முயற்சிகளின் வரலாறு பெரும்பாலும் ஒரே விதமாகவே சொல்லப்பட்டு வருகிறது: குதிரைத்திறன் உயர்ந்தது, வெப்பம் கூடியது, ஆகவே குளிர்விப்பான் பெரிதானது. 1964இல் 130 குதிரைத்திறன், 1989ஆம் மாடல் ஆண்டில் 250 என்ற இரு முனைகளை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விளக்கம் மறுக்க முடியாததாகவே தோன்றும். இடைப்பட்ட ஆண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கையில்தான் அது தடுமாறுகிறது.

இவ்விளக்கத்தின் வலுவான சான்று 1969ஆம் மாடல் ஆண்டின் 911எஸ். அவ்வாண்டு 110 குதிரைத்திறன் கொண்ட டி வகைக்கும் 140 கொண்ட ஈ வகைக்கும் தரப்படாத கூடுதல் எண்ணெய்க் குளிர்விப்பான், 170 கொண்ட எஸ் வகைக்கு மட்டும் முன்புற வலது மட்கார்டுக்குள் பொருத்தப்பட்டது. திறனுக்கும் குளிர்விப்பானுக்கும் இதைவிட நேரடியான உறவைக் காட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் எஞ்சினோடு ஒட்டி ஏற்கெனவே இருந்த குளிர்விப்பானைப் பெரிதாக்காமல், எண்ணெயைக் காரின் மறுமுனைவரை குழாய்களில் கொண்டுசென்று திரும்பக் கொண்டுவரும் சிரமத்தை நிறுவனம் ஏன் ஏற்றது என்ற கேள்விக்குத் திறன்வழி விளக்கத்தில் விடை இல்லை.

விடை எண்ணெய் ஓடும் பாதையில் இருக்கிறது. 911இல் எண்ணெய் எஞ்சினின் அடியில் தேங்குவதில்லை. கிராங்க் உறையில் வடியும் எண்ணெயை ஒரு பம்ப் உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்ப, இன்னொரு பம்ப் தொட்டியிலிருந்து எடுத்து அழுத்தத்துடன் பேரிங்குகளுக்குத் தரும் இந்த அமைப்பு உலர் தொட்டி முறை எனப்படும். எஞ்சினோடு இணைந்த குளிர்விப்பான் அழுத்தப் பாதையில் உள்ளது. அது சிலிண்டர்களுக்குக் காற்றூதும் அதே விசிறியின் காற்றில் ஒரு பங்கைப் பெறுவதால், அதைப் பெரிதாக்குவது சிலிண்டர்களின் பங்கைக் குறைப்பதாகவே முடியும். முன்புறக் குளிர்விப்பானோ தொட்டிக்குத் திரும்பும் பாதையில் அமைந்து, எண்ணெய் ஏறத்தாழ 83 பாகை செல்சியஸை எட்டியதும் திறக்கும் தெர்மோஸ்டாட் வழியாக அதைப் பெற்று, கார் ஓடும் வேகத்தில் எதிர்வரும் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. ஆகவே 1969இல் நிகழ்ந்ததை விசிறியின் ஆட்சியிலிருந்து எண்ணெய் விலகத் தொடங்கியதாகக் கொள்வதே பொருத்தம். அளவு கூடியது அதன் ஒரு பக்கம் மட்டுமே.

திறன்வழி விளக்கத்தை உடைப்பது 2.7 லிட்டர் எஞ்சின்களின் காலம். 1977இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட 911எஸ் 165 குதிரைத்திறனே கொண்டது. எட்டாண்டுகளுக்கு முந்தைய எஸ் வகையைவிட அது குறைவு. ஆயினும் 911 வரலாற்றில் வெப்பத்தால் மிகுதியும் அவதிப்பட்டவற்றுள் இவ்வெஞ்சின் ஒன்று. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக, எரியாமல் வெளியேறும் வாயுக்களைப் போக்குக் குழாயிலேயே எரித்துத் தீர்க்கும் வெப்ப அறைகள் சிலிண்டர் ஹெட்டுகளின் கீழேயே பொருத்தப்பட்டன. அந்த வெப்பம் சக்கரங்களுக்குத் திறனாகப் போய்ச் சேராமல் எஞ்சினைச் சுற்றியே தங்கியது. கிராங்க் உறை மக்னீசியத்தால் ஆனதாகையால், அலுமினியப் பகுதிகள் வெப்பத்தில் விரிந்து இழுத்தபோது சிலிண்டர் ஹெட்டுகளைப் பிடித்திருந்த நீள்திருகுகள் உறையிலிருந்து பிடுங்கிக்கொண்டன. இதே காலத்தில் பதினோரு இறக்கை விசிறிக்குப் பதிலாக ஐந்து இறக்கை விசிறி வந்து, அதன் சுழல்விகிதம் 1.3இலிருந்து 1.8ஆக உயர்த்தப்பட்டது. அதே தண்டில் சுழலும் ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்திலும் போதிய மின்சாரம் தர வேண்டும் என்பதே இதன் நோக்கமாக இருந்திருக்கலாம். அப்படியெனில் குளிர்விப்பின் மையக் கருவியே வெப்பத்தோடு தொடர்பற்ற ஒரு தேவைக்காக மாற்றப்பட்டது என்றாகிறது. 1978இல் அலுமினிய உறையுடன் வந்த எஸ்சி வகையில் பதினோரு இறக்கைகள் திரும்பின.

தனிக் கவனம் பெற வேண்டிய வடிவம், எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் முன்மட்கார்டுக்குள் இருந்த, டிராம்போன் என்ற ஊதுகருவியின் பெயரால் அழைக்கப்படும் வளைகுழல். வெப்பம் பரவும் பரப்பைக் கூட்டும் மென்தகடுகள் ஏதுமின்றி வெறும் குழாயாகவே வளைந்து நிற்கும் இதைக் கண்டு, நிறுவனம் செலவைச் சுருக்கிவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. அம்முடிவு போதாது. திரும்பும் பாதையில் அழுத்தம் குறைவு, ஓட்டமோ மிகுதி; அங்கே எண்ணெயைத் தடுக்காத அகன்ற குழாய்க்கு ஒரு நியாயம் உண்டு. மேலும் சக்கரத்துக்கு முன்னால் சேறும் கல்லும் தெறிக்கும் இடத்தில் நெருக்கமான தகடுகள் விரைவில் அடைபடும். நிறுவனம் இப்படித்தான் எண்ணியது என்பதற்கு நேர்ச்சான்று இல்லாவிட்டாலும், 1974க்குப் பிந்தைய 260 குதிரைத்திறன் டர்போ வகையையும் தயாரித்த பொறியாளர்களுக்குத் தகட்டின் பயன் தெரியாதிருந்தது என்று கொள்வதைவிட இவ்வூகம் வலுவானது.

இன்று ஓடும் கார்களைச் சான்றாகக் கொள்வதில் ஓர் இடர் உண்டு. உரிமையாளர்கள் வளைகுழலை அகற்றித் தகட்டுக் குளிர்விப்பானைப் பொருத்துவது பல்லாண்டு வழக்கமாகையால், ஒரு காரில் காணப்படும் உறுப்பு, ஏட்டுச் சுவடியில் பிற்காலத்தார் சேர்த்த இடைச்செருகலைப் போல, அதன் பிறப்புக் காலத்துக்குச் சான்றாகாது. போர்ஷேயின் மாடல் ஆண்டு முந்தைய ஆண்டின் கோடைவிடுமுறைக்குப் பின்னரே தொடங்கிவிடுவது குழப்பத்தைக் கூட்டுகிறது: 1969ஆம் ஆண்டுக்குரியதாகக் குறிக்கப்படும் உறுப்பு 1968 இலையுதிர்காலத்தில் ஆலையை விட்டு வெளியேறிய காரிலும் இருக்கலாம். ஆகவே கரேரா என்ற 3.2 லிட்டர் 911 வகையில் தகட்டுக் குளிர்விப்பான் வந்த காலத்தை எண்பதுகளின் நடுப்பகுதி என்ற அளவில் நிறுத்துவதே நேர்மை.

1987ஆம் மாடல் ஆண்டில் அக்குளிர்விப்பானுக்கு மின்விசிறி சேர்க்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. எண்ணெய் ஏறத்தாழ 118 பாகையை எட்டும்போது அது சுழலத் தொடங்கும். எதிர்க்காற்றை நம்பிய குளிர்விப்பான் நகர நெரிசலில் நிற்கும் காருக்கு உதவாது என்ற பழைய குறை, குதிரைத்திறன் எவ்வளவாயினும் அதே குறைதான். 1969 முதல் தீர்க்கப்படாமலிருந்த அது இப்போதுதான் கவனிக்கப்பட்டது. இதையடுத்து 1989ஆம் மாடல் ஆண்டில் வந்த, 964 எனப்படும் 911 வகையில் எஞ்சினோடு ஒட்டிய குளிர்விப்பான் முற்றாக நீக்கப்பட்டு, எண்ணெயின் முழுப் பொறுப்பும் வலது முன்மட்கார்டுக்கே மாற்றப்பட, பின்புற விசிறியின் காற்று சிலிண்டர்களுக்கே உரியதாயிற்று. 250 குதிரைத்திறன் தரும் எஞ்சினில் குளிர்விப்பான்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்ததற்குத் திறன்வழி விளக்கம் இனிமேல்தான் காரணம் தேட வேண்டும்.