விமானம் ஏறின பாம்பு

அனலைதீவில் புடையன் கடிச்சால் படகில் ஊர்காவற்றுறை, பிறகு யாழ்ப்பாணம். அங்க ஏத்துற விஷமுறிவு மருந்து இந்தியாவில் செய்தது. அதுக்கான விஷத்தின் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பது, தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

இப்ப தூளாக்கின விஷம்தான் ஆய்வுகூடத்துக்குப் போகுது. ஒருகாலம் பாம்பே போனது. 1950 ஜூலையில் அவுஸ்திரேலியாவின் கெய்ன்ஸில் கெவின் படன் எண்ட 20 வயசுப் பெடியன் (எங்கட வயசு!) டைப்பான் பாம்பொண்டை உயிரோட பிடிச்சான். பையில போடேக்க கடிச்சுது. பாம்பைக் கொல்லாமல் ஆராய்ச்சிக்கு அனுப்பச் சொல்லிப்போட்டு அடுத்த நாள் செத்துப்போனான். பாம்பு மெல்பேர்னுக்கு விமானத்தில போனது. 1955இல் மருந்து வந்தது.

இண்டைக்கு நினைச்சபடி ஏத்தேலாது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி, வாய் கட்டின துணிப்பை, அதுக்கு வெளியில உறுதியான பெட்டி, காத்துத் துளைக்கு வலை, மேல விஷப்பாம்பு எண்ட எச்சரிக்கை எல்லாம் வேணும்.

விதிகள் நியாயமானவைதான். ஆனால் ஒரே இனப் பாம்பெண்டாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறும். இலங்கைப் புடையன் கடிச்சவருக்கு ஏறுறது இன்னும் இந்தியப் புடையனின்ட விஷத்தில செய்த மருந்துதான்.