கந்தையும் காந்தாவும்

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் பொருநன் உடுத்திருப்பது, வேர்வையில் நனைந்து, வேற்று நூல்களால் தைக்கப்பட்ட கந்தை. கரிகாலன் அதனை நீக்கி, இழையோடும் வழி கண்ணுக்குப் புலப்படாத பூவேலை ஆடை அளிக்கிறான். புலப்படும் தையல் அங்கே வறுமையின் அடையாளம்.

வங்கத்தின் காந்தாப் போர்வையில் இது தலைகீழாகிறது. பெயரும் 'கந்தை'யின் உறவுச் சொல்லே. பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, எளிய ஓட்டத்தையலால் தாமரையும் மீனும் தீட்டினர். அடுக்குகளைப் பிணைக்கும் தையலே ஓவியமாயிற்று. 1939இல் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அதனைக் கலையாகவே ஆராய்ந்து எழுதினார்.

தாம்பரத்தில், மறைந்த அன்னையின் புடவைகளைப் போர்வையாகத் தைக்க அமர்ந்த நாம், ஒட்டு தெரியாதிருக்கத் துணியின் நிறத்திலேயே நூல் தேடினோம். பின்னர் அவர் புடவைக்கரையின் அரக்கு நூலையே உருவிக்கொண்டோம். தையல் தெரிகிறது; தெரியட்டும்.