புதூர்நாட்டில் மாலைப் பள்ளி: தொடங்குமுன் அறிய வேண்டியவை

ஜவ்வாதுமலையின் திருப்பத்தூர் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய ஊராட்சிகள் உள்ளன. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயர்தான் அப்படி, பேசுவது தமிழே. சாமையும் புளியும் தேனும் தரும் மலை இது. ஆனால் அந்த வருமானம் ஆண்டு முழுவதற்கும் போதுவதில்லை. பெற்றோர் கூலி வேலைக்கு வெளியூர் போகும்போது பிள்ளைகள் பாட்டியிடம் விடப்படுகிறார்கள், அல்லது கூடவே சென்று படிப்பை இழக்கிறார்கள். படிப்பை நிறுத்திய இளைஞனைத் தேடித் தரகர் வருகிறார். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் ஜவ்வாதுமலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

இதே மலையின் மறுபக்கத்தில், புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி 2024 இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வு பெற்றார். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே சென்னை சென்று தேர்வெழுதியவர் அவர். ஏலகிரி மலையில் படித்தார். பள்ளி எட்டும் தூரத்தில் இருந்ததும், வீட்டார் துணை நின்றதும் சிறிய காரியங்கள் அல்ல.

கத்தோலிக்கராகிய நமக்கு இம்முயற்சி புதிதன்று. 1841 டிசம்பர் 8, அமல உற்பவத் திருநாளன்று, தூரின் நகரில் திருப்பலிக்கு உதவத் தெரியாததால் விரட்டப்பட்ட அனாதைச் சிறுவன் கரெல்லியைத் தொன் போஸ்கோ அருகே அழைத்துப் பேசினார். அந்தப் பேச்சிலிருந்தே அவரது இளையோர் பணி வளர்ந்தது. 1846 இல் வால்தோக்கோவில் ஒரு கொட்டகைதான் அதற்கு நிலையான இடமாயிற்று. கட்டடம் கட்டி முடியட்டும் என்று காத்திருக்கும் பங்குகள் இதைக் கவனிக்கலாம். அந்தச் சலேசியர்களே 1951 இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியை நிறுவினர்.

தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' நல்ல முன்மாதிரி. சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்றரை மணி நேரம் வகுப்பு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என அது அமைந்தது.

மலையில் இதை அப்படியே செய்ய இயலாது. குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன, இருட்டியபின் பிள்ளைகள் காட்டுப்பாதையில் நடக்கக் கூடாது. ஆகவே புதூர்நாட்டில் ஒரே மையம் வைத்து எல்லாரையும் வரச் சொல்வதைவிட, ஊருக்கு ஒரு திண்ணையில் பத்துப் பிள்ளைகள் கூடுவது மேல். வகுப்பு பொழுது சாயுமுன் முடியட்டும். விடுதியில் தங்கிப் படிப்போரைவிட நாள்தோறும் வீடு திரும்பும் பிள்ளைகளுக்கே இது முதலில் தேவை. அறுவடைக் காலத்தில் வருகை குறையும், அதற்காகப் பெயரை நீக்க வேண்டாம்.

ஆசிரியர் யார்? அதே ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் கிடைத்தால், கீழிருந்து வாரம் ஒருமுறை வரும் பட்டதாரியைவிட அவரே சிறந்தவர். அவருக்கு மாதந்தோறும் ஊதியம் தர வேண்டும், 'சேவை' என்று சொல்லிச் சும்மா வாங்கக் கூடாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் எழுத்துக் கூட்டி வாசிப்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கலாம். சுண்டலோ சாமைக் கஞ்சியோ கட்டாயம் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. மறைக்கல்வி வகுப்பு வேறு, மாலைப் பள்ளி வேறு. வரும் பிள்ளைகள் பிற சமயத்தவராயின் பெற்றோருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லி, அவர்கள் சம்மதம் பெற்றே தொடங்க வேண்டும். வகுப்பு திறந்த இடத்தில் நடக்கட்டும், எப்போதும் பெரியவர் இருவர் உடனிருக்கட்டும். ஓராண்டுக்கான ஊதியமும் உணவுச் செலவும் கையில் சேர்ந்த பிறகு தேதி குறியுங்கள்.