சிரட்டைக்கரியும் காங்கேயத்துக் கிணறுகளும்

போன மாசம் சங்கரன்கோவில் வீட்டுல வாட்டர் ஃபில்டருக்குக் கேட்ரிட்ஜ் மாத்தினோம். பழசை உடைச்சுப் பார்த்தா, உள்ளே குருணை மாதிரி கறுப்பா கொட்டுது. ஆச்சி எட்டிப் பார்த்துட்டு, "இது நம்ம சிரட்டைக்கரில்லா?"ன்னாங்க. தேய்ப்புப் பெட்டிக்குள்ள போடுவோமே, அதேதான். கொஞ்சம் படிச்சுட்டு வந்திருக்கு, அவ்வளவுதான்.

ஆச்சி காலத்துல கலங்கல் தண்ணி தெளியறதுக்குப் பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை உரசுவாங்க. சேறு அடியில தங்கிடும். ஆனா தண்ணியில கரைஞ்சு கிடக்கிற பூச்சிமருந்தை அதால ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குக் கரி வேணும். சாதாரணக் கரியை 900 டிகிரி வாக்குல நீராவி விட்டு வாட்டினா, உள்ளே நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரிக்குள்ள சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். தண்ணியோட சேரப் பிடிக்காத ரசாயனங்கள் அந்தச் சுவர்ல போய் ஒட்டிக்கும். இதுதான் ஆக்டிவேட்டட் கார்பன்.

கரி நிறத்தை உறிஞ்சும்னு 1785-லயே ரஷ்யாவில் தோபியாஸ் லோவிட்ஸ் கண்டுபிடிச்சார். ஆனா இந்தக் கரிக்கு அவசரத் தேவை வந்தது போரால. 1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களம். ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதுக்கப்புறம் எல்லாப் படைக்கும் கரி வச்ச முகமூடி வேண்டியிருந்தது. அமெரிக்கர்கள் தேடினதுல தேங்காய்ச் சிரட்டைக்கரிதான் நல்லா வேலை செஞ்சது. சிரட்டை போதாம, பொதுமக்கள்கிட்ட பீச் பழக்கொட்டை கேட்டு வாங்கினாங்க!

நம்ம நாட்டுல இது வீட்டுப் பேச்சானது 2003-ல. டெல்லியில் இருக்கிற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் முதல்ல பாட்டில் தண்ணியில, அப்புறம் கோலா பானங்கள்ல பூச்சிமருந்து இருக்குன்னு அறிக்கை விட்டது. லிண்டேன், டிடிடி எல்லாம் இருந்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரிச்சு, 2004-ல அது சரிதான்னு சொன்னது. இப்போ அடுத்த கவலை, 'அழியா ரசாயனம்'னு சொல்ற பிஃபாஸ். 2024-ல அமெரிக்கா அதுல ரெண்டு வகைக்கு லிட்டருக்கு 4 நானோகிராம்தான் வரம்புன்னு வச்சது. அதை வடிகட்டவும் முதல்ல சொல்றது இந்தக் கரியைத்தான்.

சரி, அந்தக் கரி எங்கே சுடறாங்க? திருப்பூர் மாவட்டத்துல காங்கேயம் பக்கம் நிறைய இடத்துல. அங்கே அதைத் தொட்டிக்கரின்னு சொல்வாங்க. பழைய முறையில, குழிக்குள்ள சிரட்டையைக் கொட்டிப் பத்தவச்சு, கனலும்போது தண்ணி ஊத்தி அணைப்பாங்க. அந்தத் தண்ணி ஃபீனால் மாதிரியான கழிவோட மண்ணுக்குள்ள இறங்கும். கிணத்துத் தண்ணி நிறம் மாறிப்போச்சுன்னு அந்தப் பக்கத்து விவசாயிகள் வருஷக்கணக்கா போராடுறாங்க. உலகத்துத் தண்ணியைச் சுத்தம் பண்ற சரக்கு, பொறந்த ஊர்த் தண்ணியைக் கெடுக்குது. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தண்ணி குடிக்கவே ஒரு மாதிரி இருந்தது. மூடின சூளை வச்சுப் புகையைப் பிடிச்சு, தண்ணி ஊத்தாம ஆறவைக்க முடியும். செலவு கூடும். அந்தச் செலவை இப்போ நமக்குப் பதிலா காங்கேயத்துக்காரங்க கட்டிக்கிட்டிருக்காங்க.

இன்னொண்ணு. கரியோட துளைகள் நிரம்பிட்டா, அதுக்கப்புறம் எதையும் பிடிக்காது. பெரிய ஆலைகள்ல அதை மறுபடி சூடேத்தி உயிர் கொடுப்பாங்க. வீட்டுக் கேட்ரிட்ஜுக்கு அந்த வசதி இல்லை.

"இதை எங்கல போட?"ன்னு ஆச்சி கேட்டாங்க. பதில் தெரியாம, காலையில குப்பை வண்டியிலதான் போட்டேன்.