தண்ணிக்குள்ள ஒரு காடு! - தேக்கடி ஃபேமிலி டூரில் பிரதிபலிப்பு போட்டோ எடுப்பது எப்படி?

ஃபேமிலி டூர் முடிந்து வீட்டுக்கு வந்து மொபைலைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் போட்டோ இருக்கும். பாதி செல்ஃபி, கால்வாசி ஆடிப்போன குரங்கு, மிச்சமெல்லாம் ஒரே மலை, ஒரே கோணம். 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று மொபைல் கத்தும்வரை அந்தப் பக்கமே போக மாட்டோம். எல்லாத்தையும் எடுத்தாச்சு. எதையாவது பார்த்தோமா என்று கேட்டால் பதில் வராது.

இதற்கு ஒரு எளிய வைத்தியம் இருக்கிறது. தண்ணீரில் விழும் பிரதிபலிப்பை எடுக்கப் பழகுவது. அதற்குக் குனிய வேண்டும், காற்று நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டே க்ளிக் பண்ணினால் கிடைக்கவே கிடைக்காது. எடுப்பதற்கு முன்னால் நம்மைப் பார்க்க வைத்துவிடும் என்பதுதான் இதில் விசேஷம். திபெத்திய மொழியில் 'மிக்சாங்' என்றொரு சொல் உண்டு. 'நல்ல கண்' என்று அர்த்தம். நிதானமாகப் பார்த்து எடுக்கும் போட்டோகிராபி முறை ஒன்றுக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இதைப் பழக தென் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. கேரளாவின் பெரியாறு தேசியப் பூங்கா. நம்ம பாஷையில், தேக்கடி!

ஏன் தேக்கடி?

கம்பம் தாண்டி, லோயர் கேம்ப்பிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் குமுளி. அங்கிருந்து சில கிலோமீட்டரில் படகுத்துறை. நீங்கள் பார்க்கப்போகும் ஏரி இயற்கையானது இல்லை. கர்னல் ஜான் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. அணையில் தேங்கிய தண்ணீர் பள்ளத்தாக்கை நிரப்ப, அங்கிருந்த காடு நின்ற இடத்திலேயே மூழ்கியது. அந்த மரங்களின் கட்டைகள் இன்றைக்கும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. 125 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பிரதிபலிப்பு எடுக்க இதைவிட நல்ல 'மாடல்' கிடைக்காது. கறுத்த ஒரு மரக்கட்டை, அதற்கு நேர் கீழே அதன் உருவம், உச்சியில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகமோ பாம்புத்தாராவோ. கரையில் யானையோ கடமானோ தண்ணீர் குடிக்க வந்தால் அது போனஸ். புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது கண்ணில் படுவது அபூர்வம்.

இந்தக் காடு 1950-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 1978-இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. 1982-இல் அதன் மையப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்னொரு விஷயத்தையும் மனசில் வைத்துக்கொண்டு ஏரியைப் பாருங்கள். இந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் இறங்கி, தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வயல்கள் வரைக்கும் போகிறது. உங்களுடன் வரும் தாத்தா அந்தப் பக்கத்து விவசாயி என்றால், அவர் இந்த ஏரியைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். அந்த முகமும் ஒரு நல்ல போட்டோதான்.

தண்ணீர் எப்போது கண்ணாடி ஆகும்?

நாலு விஷயம் தெரிந்தால் போதும்.

கோணம்: நேர் மேலே நின்று தண்ணீரைப் பார்த்தால், விழும் ஒளியில் சுமார் 2 சதவிகிதத்தைத்தான் அது திருப்பி அனுப்பும். அதனால்தான் காலடியில் தரை தெரிகிறது. பார்வை சாயச் சாய திரும்பி வரும் ஒளி கூடிக்கொண்டே போகும். ஆகவே கேமரா எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, பிரதிபலிப்பு அவ்வளவு அழுத்தமாக விழும்.

காற்று: சின்ன அலை போதும், கண்ணாடி உடைந்துவிடும். விடியற்காலையில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறி தரை சூடானதும் காற்று கிளம்பும். அதனால் காலையின் முதல் படகுதான் பெஸ்ட். அன்றைய நேரத்தையும் டிக்கெட்டையும் முன்னாடியே ஆன்லைனில் பார்த்துவிடுங்கள். தூங்குமூஞ்சித் தம்பியை எழுப்புவதுதான் கஷ்டம்.

வெளிச்சம்: தண்ணீரில் தெரியும் வானம், மேலே இருக்கும் வானத்தைவிடக் கொஞ்சம் இருட்டாகவே இருக்கும். மொபைல் மேலே உள்ள வெளிச்சத்தைப் பார்த்துக் கணக்கு போட்டால், கீழ்ப்பாதி கறுத்துப்போகும்.

பார்வை: பிரதிபலிப்பு என்பது தலைகீழ் ஜெராக்ஸ் இல்லை. உங்கள் கண் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, அதே அளவு கீழே இருந்து பார்த்தால் தெரியும் காட்சி அது. கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையின் முதுகு நேரில் தெரியும்போது, தண்ணீரில் அதன் வயிறு தெரியலாம். தூரத்து மலையின் ஒரு பகுதி, தண்ணீரில் மட்டும் கரைக்குப் பின்னால் ஒளிந்துபோகலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் குட்டிப் பசங்களுக்குச் செம விளையாட்டு!

மொபைலில் எடுக்கும் வழி

* கேமரா செட்டிங்ஸில் கட்டக்கோடுகளை ஆன் பண்ணுங்கள். நீர்மட்டக் கோடு சாய்ந்தால் ஏரியே வழிந்து ஓடுவதுபோல இருக்கும்.

* நிஜம் பாதி, நிழலுருவம் பாதி என்று சரிசமமாக வைப்பது ஒரு வகை. நிழலுருவத்துக்கு முக்கால் பங்கு இடம் கொடுத்துப் பாருங்கள், படமே மாறிவிடும்.

* கரையும் தண்ணீரும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்தின்மேல் விரலை வைத்து அழுத்துங்கள். பல மொபைல்களில் ஃபோகஸும் வெளிச்சமும் அங்கேயே லாக் ஆகும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால், வெளுத்துப்போன வானம் திரும்பி வரும்.

* 'போர்ட்ரெய்ட் மோட்' வேண்டாம். எது ஆள், எது நிழலுருவம் என்று தெரியாமல் கண்ட இடத்தை மங்கலாக்கிவிடும்.

* படகு கிளப்பும் அலை பின்னாடியும் பக்கவாட்டிலும் விரியும். இன்னும் அலை போய்ச் சேராத தண்ணீர் முன்பக்கம்தான். அங்கே பாருங்கள். கீழ்த்தளத்தில் சீட் கிடைத்தால், தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதால் கோணமும் நன்றாக அமையும்.

* போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் ஒரு நிமிஷம் கழற்றுங்கள். நீர்ப்பரப்பில் பட்டு வரும் ஒளியைக் குறைப்பதுதான் அதன் வேலை. அதைப் போட்டுக்கொண்டு, பிரதிபலிப்பே தெரியலையே என்று தேடக் கூடாது.

ஏரி இல்லாவிட்டாலும் கண்ணாடி உண்டு

படகு டிக்கெட் கிடைக்காத நாளும் உண்டு. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே எட்டிப்பார்க்கும் ஊர் அது. குமுளி ரோட்டோரத்தில் தேங்கிய ஒரு குட்டை போதும். மொபைலைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் கிட்டத்தட்டத் தண்ணீரைத் தொடும் உயரத்துக்கு வந்துவிடும். கை அகலக் குட்டைகூட படத்தில் குளம் மாதிரி தெரியும். வண்டி வருகிறதா என்று பார்க்க மட்டும் ஒரு ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள்.

பஸ் ஜன்னலில் விழும் அக்காவின் முகமும் அதற்குப் பின்னால் ஓடும் மரங்களும் ஒரே படத்தில் கிடைக்கும். அந்த முகம் வேண்டாம், வெளியே இருக்கும் காடு மட்டும் போதும் என்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் சரி. அப்பாவின் மூக்குக்கண்ணாடி, காரின் பக்கவாட்டுக் கண்ணாடி, டீக்கடை எவர்சில்வர் டம்ளர்... எல்லாமே குட்டிக் குட்டி ஏரிகள்தான்.

எடுத்தால் மறந்துபோகுமா?

அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கலை அருங்காட்சியகம் ஒன்றுக்குச் சிலரைக் கூட்டிப்போய், சில பொருள்களைப் போட்டோ எடுக்கவும், சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் சோதித்தபோது, முழுசாகப் போட்டோ எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்கள்தான் அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. 'அதான் கேமராவுல இருக்கே' என்று மூளை விட்டுவிடுகிறது போல.

ஆனால், அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பொருளின் ஏதோ ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த மறதி வரவில்லை. அப்படியானால் கேமராவைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கவனிக்காமல் அமுக்குவதுதான் சிக்கல். 'எதை எடுக்கலாம்' என்று ஒரு நிமிஷம் யோசித்தாலே பாதி வேலை முடிந்தது.

தேக்கடியில் இதை இப்படிச் செய்து பார்க்கலாம். படகு கிளம்பியதும் முதல் பத்து நிமிஷம் யாரும் மொபைலை எடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஆளுக்குப் பத்து படம்தான். கணக்கு வைத்தால் கண் தானாகத் தேட ஆரம்பிக்கும்.

போட்டோ எடுப்பவர் எங்கே?

உங்கள் வீட்டின் பழைய டூர் படங்களை ஒரு தடவை புரட்டுங்கள். யாராவது ஒருத்தர் எதிலுமே இருக்க மாட்டார். சில வீடுகளில் அப்பா, சில வீடுகளில் அக்கா. எல்லாரையும் நிற்க வைத்து எடுத்தவர் அவர்தான். சில வீடுகளில் அம்மா. எல்லாருக்கும் இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொடுத்துக்கொண்டே கேமராவுக்கு வெளியில் நின்றிருப்பார். வருஷங்கள் கழித்து, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தவிக்கும்போதுதான் ஒரு படம்கூட இல்லையே என்பது உறைக்கும்.

பிரதிபலிப்பு இதற்கும் வழி வைத்திருக்கிறது. குட்டையிலோ ஜன்னல் கண்ணாடியிலோ எடுத்தால், எடுப்பவரின் உருவமும் மொபைலோடு சேர்த்து அதில் விழும். குடும்பமே குனிந்து குட்டைக்குள் எட்டிப்பார்க்கும் ஒரு படம், போஸ் கொடுத்து நிற்கும் பத்து படத்துக்குச் சமம். இன்னொரு வழியும் உண்டு. அரை மணிக்கு ஒருதரம் மொபைல் கை மாறட்டும். பாட்டி எடுக்கும் படத்தில் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும். பரவாயில்லை, பாட்டி எதைப் பார்த்தார் என்பது அதில் இருக்கும்.

படகில் எழுந்து நிற்காதீர்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைப் பார்த்ததும் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தது, படகு சாய்ந்ததற்கு ஒரு காரணமாக அப்போது சொல்லப்பட்டது.

'யானை... யானை...' என்று யாராவது கத்தினால் எழுந்து ஓடத்தான் தோன்றும். உட்காருங்கள். உங்கள் பக்கம் தெரியவில்லையா, விடுங்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எடுத்த படத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டோவுக்காகக் கழற்றக் கூடாது. தாழ்ந்த கோணம் வேண்டும் என்று படகுக்கு வெளியே கையையோ உடம்பையோ நீட்டவும் கூடாது. பிரதிபலிப்புக்காகக் குனிவதெல்லாம் கரையில், அதுவும் வனத்துறை அனுமதிக்கும் இடத்தில் மட்டும்தான்.

காட்டுக்குள் சில மரியாதைகள்

* ஃப்ளாஷை வீட்டிலேயே ஆஃப் பண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

* யானையோடு செல்ஃபி என்ற ஆசையே வேண்டாம். கிட்டப் போய் எடுக்க நினைத்து உயிரை விட்டவர்கள் உண்டு. விலங்கு உங்களை நிமிர்ந்து பார்க்கிறது, காதை விரிக்கிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே ரொம்பப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

* படத்துக்காகக் குரங்குக்கு பிஸ்கட் நீட்டாதீர்கள். அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து அது பிடுங்கித் தின்னும்.

* ட்ரோனுக்கு அனுமதி இல்லை. பிளாஸ்டிக்கும் கூடாது.

* அரிய விலங்கைப் பார்த்தால், படத்தைப் போஸ்ட் பண்ணும்போது இடத்தைக் காட்டும் லொகேஷனை நீக்கிவிடுங்கள். வேட்டைக்காரர்களும் இன்ஸ்டா பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

டூர் முடிந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு படம் தேர்ந்தெடுத்து, அதை ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். தம்பி தேர்ந்தெடுப்பது நீங்கள் கவனிக்கவே கவனிக்காத ஒரு மரக்கட்டையாக இருக்கலாம். தேர்ந்தெடுத்தவற்றை ஸ்டூடியோவில் கொடுத்து பிரின்ட் போட்டு, பின்பக்கம் தேதியையும் அந்த ஒரு வரியையும் பேனாவால் எழுதுங்கள். ஒரு படத்தை மட்டும் ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டுங்கள். வீட்டில் எல்லாருடைய உருவமும் தண்ணீரில் தெரிகிற படமாக அது இருக்கட்டும்.