ஆடுகளத்துக் கோடுகள்

மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், குளிர்காலத்தில் வெளியே விளையாட வழியின்றிச் சலித்திருந்த மாணவர்களுக்காக, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் தேகப்பயிற்சி ஆசிரியர் 1891 டிசம்பரில் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டிக் கூடைப்பந்தைத் தோற்றுவித்த வரலாறு பலரும் அறிந்ததே. அடுத்த ஆண்டிலேயே அது அருகிலுள்ள நார்த்தாம்ப்டனின் ஸ்மித் மகளிர் கல்லூரியை எட்டியதும், அங்கே புதிய உருவம் பெற்றதும் அத்தனை பிரசித்தமல்ல.

அக்கல்லூரியின் தேகப்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன், இளமையில் நோஞ்சானாக இருந்து, பயிற்சியினாலேயே தேறியவர். ஆதலால், கடுமையான உழைப்பைப் பெண்ணுடல் தாங்காது என்று அக்காலத்து வைத்தியர் பலர் கொண்டிருந்த அபிப்பிராயத்துக்கு அவர் அஞ்சவில்லை. 1893 மார்ச் 22 அன்று முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதிய ஆட்டத்தில், முதற்பந்தை மேலே எறிகையில் அவர் கை பட்டே ஒரு மாணவியின் தோள்மூட்டு விலகிற்று. அவளை அழைத்துச் சென்று மூட்டைச் சரிசெய்துவிட்டு, வேறொருத்தியை நிறுத்தி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

இத்தனை துணிவுடைய அவரே, முரட்டுத்தனம் பெண்மைக்கு இழுக்கென்று கருதி, களத்தை மூன்றாகக் கோடு கிழித்துப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவள் மற்றதில் கால் வைக்கலாகாது, எதிராளியின் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது, மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கலாகாது என்று விதிகள் வகுத்தார். பெற்றோரும் நிர்வாகிகளும் ஆட்டத்தையே தடுத்துவிடாதிருக்க அவ்விதிகள் உதவின என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் கோட்டுக்குக் காரணமான அச்சம் மறைந்த பின்னும் கோடு மறையவில்லை. 1938-இல் மூன்று பகுதிகள் இரண்டாயின. 1971-இல்தான் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் களம் முழுவதும் ஓடி ஆடும் உரிமை பெற்றார்கள். ஐயோவா மாகாணத்துப் பள்ளிகளிலோ, அணிக்கு அறுவர் ஆடி, அவருள் தடுப்பவர் மூவர் பாதிக்களத்தைத் தாண்டாத முறை 1993 வரை நீடித்தமையால், கூடையை நோக்கி ஒருமுறையேனும் பந்தெறியாமலே பள்ளி ஆட்டங்களை முடித்த பெண்கள் அநேகர்.

நல்லெண்ணத்தோடு ஓர் ஆசிரியை இட்ட வரம்பை, பின்வந்தோர் பெண்ணின் சுபாவமென்றே எடுத்துக்கொண்டு எண்பதாண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தார்கள். ஆகவே, “பெண்பிள்ளைகளுக்கு இது போதும்” என்று சொல்ல நேரும் தேகப்பயிற்சி ஆசிரியர், அந்த அளவை மாணவியின் ஓட்டத்தில் கண்டறிந்தாரா, தமக்குக் கற்பித்தவரிடமிருந்து வாங்கிக்கொண்டாரா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நலம். முழுக்களத்தையும் ஒருமுறை திறந்துவிட்டுப் பார்த்தாலொழிய அதற்கு விடை கிடைக்காது.