ஒரே தொடுமுனையால் பல கான்டாக்டர்களை இயக்குதல்

மோட்டார், ஹீட்டர், விளக்கு வரிசை போன்ற பெரிய மின்சுமைகளை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் மின்காந்தச் சுவிட்ச் கான்டாக்டர் எனப்படும். இதன் காயிலுக்கு மின்சாரம் கிடைத்தால் ஆர்மேச்சர் இழுபட்டு முதன்மைத் தொடுமுனைகள் மூடும். மின்சாரம் நின்றால் சுருள்வில் அவற்றைத் திறந்துவிடும். பல கான்டாக்டர்கள் ஒரே கட்டளைக்கு இயங்க வேண்டிய இடங்களில் அவற்றின் காயில்கள் ஒரே கட்டுப்பாட்டுத் தொடுமுனை வழியாக மின்சாரம் பெறுகின்றன. அது புஷ்பட்டன், தெர்மோஸ்டாட், மிதவைச் சுவிட்ச், பி.எல்.சி. (நிரல்படுத்தும் தருக்கக் கட்டுப்படுத்தி) ரிலே என எதுவாகவும் இருக்கலாம்.

வரலாறு

சிகாகோவின் தெற்குப் பக்க உயர்மட்ட ரயில்பாதை 1892இல் நீராவி எஞ்சின்களோடு தொடங்கியது. அதை மின்மயமாக்கும் பணியை 1897இல் ஏற்ற அமெரிக்கப் பொறியாளர் பிராங்க் ஸ்பிரேக், தனி எஞ்சின் இழுக்கும் வழக்கத்தைக் கைவிட்டுப் பெட்டிகளிலேயே மோட்டார்களைப் பொருத்தினார். எல்லாவற்றையும் ஓர் ஓட்டுநர் ஒரே கைப்பிடியால் இயக்கும்படி, வண்டியின் நீளத்துக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓடின. மோட்டாரின் பெருமின்னோட்டம் அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே நின்றது. ஓட்டுநரின் சுவிட்ச் வழியே கட்டளைக்கான சிறு மின்னோட்டம் மட்டுமே சென்றது. மின்தூக்கிகள் அமைத்த அனுபவத்தில் அவருக்குத் தோன்றிய வழி இது. அவ்வாண்டு ஜூலையில் ஸ்கெனக்டடியில் நடந்த சோதனை ஓட்டத்தில் அவருடைய பத்து வயது மகன் வண்டியை இயக்கிக் காட்டினான். முதல் அமைப்பில் பெட்டிகளிலிருந்த கட்டுப்படுத்திகளைச் சிறு மோட்டார்கள் திருப்பின. பின்னர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அவற்றுக்குப் பதிலாக மின்காந்தக் கான்டாக்டர்களைப் புகுத்தியது. வெஸ்டிங்ஹவுஸ் அழுத்தக் காற்றால் இயங்கும் சுவிட்சுகளைக் கையாண்டது. 1931இல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் மின்ரயில்களும் இந்த மரபில் வந்தவையே.

தொடுமுனையின் சுமை

ஏ.சி. காயிலில் ஆர்மேச்சர் விலகியிருக்கும்போது காற்றிடைவெளி அதிகம். அதனால் தூண்டல் எதிர்ப்பு குறைவு. மூடும் கணத்தில் காயில் இழுக்கும் திறன், மூடியபின் தேவைப்படுவதைப் போல ஆறிலிருந்து பத்து மடங்கு வரை இருக்கும். சிறு கான்டாக்டர் ஒன்று மூடும்போது சுமார் 70 வோல்ட்-ஆம்பியரும், மூடி நிற்கையில் 8 வோல்ட்-ஆம்பியர் அளவும் எடுக்கும். நான்கு கான்டாக்டர்களுக்கு 280 வோல்ட்-ஆம்பியர் ஆகிறது. 230 வோல்ட்டில் இது ஏறக்குறைய 1.2 ஆம்பியர், 24 வோல்ட் ஏ.சி.யிலோ 12 ஆம்பியரை நெருங்கிவிடும். ஆகவே தொடுமுனையைத் தேர்ந்தெடுக்கும்போது மூடும் கணத்தின் கூட்டுச் சுமையையே கணக்கிட வேண்டும்.

ரிலேயின் மேல் பொறித்த ஆம்பியர் அளவு பெரும்பாலும் ஹீட்டர் போன்ற மின்தடைச் சுமைக்கு உரியது. காயில்களுக்கு ஐ.இ.சி. 60947-5-1 தரத்தின் ஏ.சி.-15, டி.சி.-13 வகை அளவுகளே பொருந்தும். வழக்கமான டி.சி. காயிலில் மூடும் கணத்தின் இந்தத் தொடக்க எழுச்சி இல்லை. ஆனால் மின்னோட்டம் இடையில் சுழியைத் தொடாததால், திறக்கும்போது எழும் மின்பொறி எளிதில் அணையாது.

கட்டுப்பாட்டு டிரான்ஸ்பார்மரும் இந்த எழுச்சியைத் தாங்க வேண்டும். காயில் தன் குறித்த மின்னழுத்தத்தில் 85 முதல் 110 விழுக்காடு வரை சரியாக இயங்கும் என்பது ஐ.இ.சி. 60947-4-1 விதி. அதற்குக் கீழே போனால் கான்டாக்டர் கடகடத்து, முனைகள் கருகும்.

இணைப்பு முறைகள்

1. நேரடிப் பக்க இணைப்பு: எல்லாக் காயில்களின் ஏ1 முனைகளும் தொடுமுனைக்கும், ஏ2 முனைகள் பொதுக் கம்பிக்கும் போகும். காயில்களின் மின்னழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். ஏ.சி. காயில்களைத் தொடரிணைப்பில் போடக்கூடாது: முதலில் மூடியதன் மின்மறுப்பு உயர்ந்து, பெரும்பங்கு மின்னழுத்தத்தை அது எடுத்துக்கொள்ள, மற்றது மூடாமல் நின்றுவிடும்.

2. இடைநிலை ரிலே: தொடுமுனை ஒரு ரிலேயை மட்டும் இயக்க, ரிலேயின் தனித்தனி முனைகள் காயில்களை இயக்கும். மின்னழுத்தங்கள் வேறுபட்டாலும் இது பொருந்தும்.

3. சங்கிலி இணைப்பு: முதல் கான்டாக்டரின் துணைத் தொடுமுனை அடுத்ததன் காயிலை இயக்கும். எழுச்சிகள் ஒரே கணத்தில் கூடுவதில்லை. ஆயினும் ஒன்று பழுதானால் அதற்குப் பின்னுள்ளவை இயங்கா.

ஒரு காயிலுக்குத் தனிக் கட்டளையும் பொதுக் கட்டளையும் இருந்தால், தனிக் கட்டளையின் மின்சாரம் பொதுக் கம்பி வழியே திரும்பி மற்றக் காயில்களையும் மூடிவிடும். அங்கே ஒவ்வொரு காயிலுக்கும் தனி ரிலே முனை வேண்டும், டி.சி. சுற்றானால் டயோடும் போதும்.

எதிர்மின்னழுத்தம்

காயில் துண்டிக்கப்படும்போது நூற்றுக்கணக்கான வோல்ட் எதிர்மின்னழுத்தம் எழுந்து தொடுமுனையை அரிக்கும். பக்கத்திலுள்ள டைமரையும் கெடுக்கும். டி.சி. காயிலுக்குக் குறுக்கே போடும் டயோடு இதை அடக்கும். ஆனால் கான்டாக்டர் திறப்பது தாமதமாகும். பக்க இணைப்பில் ஒரு காயிலுக்குப் போட்ட டயோடே எல்லாவற்றையும் தாமதப்படுத்தும். வேரிஸ்டரில் தாமதம் குறைவாதலால் அதுவே ஏற்றது. ஏ.சி. காயிலுக்கு மின்தடை–மின்தேக்கி இணையும் உதவும். அதைத் தொடுமுனைக்குக் குறுக்கே போட்டால், கசியும் மின்னோட்டத்தால் சிறு காயில் விடுபடாமல் நிற்கக்கூடும். காயிலுக்குக் குறுக்கே போடுவதே முறை.

பாதுகாப்பு

கட்டுப்பாட்டுச் சுற்றின் ஒரு முனை புவியிணைப்புப் பெற்றிருந்தால், காயில்களின் ஏ2 முனைகள் நேராக அதனுடன் சேர வேண்டும். தொடுமுனைகள் மறுபக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது ஏ1 பக்கக் கம்பி புவியைத் தொட்டால் ஃபியூஸ் போகுமே தவிர மோட்டார் தானாக ஓடாது.

தொடுமுனை பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டால் அதைச் சார்ந்த எல்லாக் கான்டாக்டர்களும் மூடியே நிற்கும். ஆகவே அவசர நிறுத்தம் போன்ற உயிர்காப்புச் சுற்றில் ஒற்றைத் தொடுமுனையை நம்புவதில்லை. தொடராக அமைந்த இரு கான்டாக்டர்கள், இரு தனி முனைகளால் இயக்கப்படும்; அவற்றின் கண்ணாடித் தொடுமுனைகள் (முதன்மை முனை மூடியிருக்கும்வரை மூடாத துணை முனைகள்), முதன்மை முனை ஒட்டியிருந்தால் மறுதொடக்கத்தைத் தடுக்கும்.

இக்காலத்தில் தொடக்க எழுச்சியை மட்டுப்படுத்தும் மின்னணுக் காயில்கள் வந்துள்ளன, சிறியவற்றைப் பி.எல்.சி.யின் டிரான்சிஸ்டர் வெளியீடே நேராக இயக்குகிறது.